ரெண்டுங்கெட்டான் தூள்

டிரம் அலறியது.

சாதாரண மணிச் சத்தம் இல்லை. கூரைத் தகடு நடுங்கும்படி, மூச்சு விடாமல் அலறியது. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. பாக்கெட் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் முதுகில் பாரத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

எல்லோர் பார்வையும் போய் விழுந்த இடத்தில், டீ கலக்கிற டிரம்மை ஓட்டுகிற டிரம்காரர் குனிந்தபடி இருந்தார். வலது கை முழங்கை வரைக்கும் டிரம்மின் கீழ்வாய்க்குள் போயிருந்தது. இடது கையில் ஒரு துணிப்பை வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. சுவரில் ஓட்டை போடும்போது பிடிபட்ட திருடன்கூட அப்படி விழித்திருக்க மாட்டான்.

ஷிப்ட் அதிகாரி ஓடிவந்து ஒரு பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது.

"அண்ணன் கையைக் கடிக்கத்தான் பார்த்துச்சு. பல் இல்ல, அதான் குரைக்குது" என்றார் மூட்டை தூக்குகிற ஒட்டகம். கழுத்து நீளத்துக்காக வந்த பெயர். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் சிரிக்காதவர் டிரம்காரர் ஒருவர்தான்.

ஷிப்ட் அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். காலையில்தானே எல்லாவற்றையும் காட்டினேன், இது பழைய டிரம் இல்லை, தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிற வரைக்கும் யார் கையை விட்டாலும் கத்தும் என்று பொறுமையாகத் திரும்பவும் சொன்னார். டிரம்காரர் தலையை ஆட்டினார். அவர் கேட்க நினைத்தது வேறு. அதைக் கேட்க இத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை.

அந்தக் கம்பெனியில் இரண்டு வகை டீ பாக்கெட்டுக்குள் போகும். காலையில் டீக்கடைகளுக்கான தூள். கறுப்பு, காட்டம், ஒரு சிட்டிகை போட்டாலே பால் தன் நிறத்தை மறந்துவிடும். மதியத்துக்கு மேல் வீடுகளுக்கான இலை. அது மெல்லிசு, மணக்க மணக்க இருக்கும். இரண்டும் சுற்றுவது ஒரே டிரம்மில். தூள் தீர்ந்து இலை ஏறுவதற்கு முன்னால் டிரம்மைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது, ஈரம் பட்டால் டீ பாழ். அதனால் பழைய டிரம்மில் ஒரு வழக்கம் இருந்தது. கொஞ்சம் இலையையே உள்ளே போட்டுச் சுற்றவிடுவார்கள். டிரம்மின் சுவரில் முகப்பவுடர் மாதிரி ஒட்டியிருக்கிற நுண்ணிய தூளை அந்த இலை வழித்து எடுத்துக்கொண்டு கீழ்வாய் வழியாக வந்து விழும். அப்படி விழுவது கடைக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. எந்தப் பாக்கெட்டிலும் போட முடியாது. வேலை செய்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போகலாம் என்று விட்டிருந்தார்கள்.

கல்யாணமான புதிதில் டிரம்காரர் அதை ஒரு காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். இது எந்த வகை என்று கேட்ட மனைவியிடம் இப்படி இப்படி என்று விளக்கினார். அவள் கேட்டுவிட்டு, "அப்ப இது ரெண்டுங்கெட்டான்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். போட்டுக் குடித்தாள். அன்றோடு அந்த வீட்டுக்குள் வேறு டீ வரவில்லை. பெயரும் அதுவே நிலைத்துவிட்டது.

அது என்ன ருசி என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. முதல் மடக்கில் இலை மணக்கும். விழுங்கின பிறகு தூள் வந்து தொண்டையில் உட்காரும். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை, பிளாஸ்கில் டீ கொண்டுபோய்க் குடிக்கலாமா என்றுதான் கேட்டாள். மனைவியின் தம்பி சாவிக்காரன். தெருமுனையில் பெட்டிக்கடை அகலத்துக்கு ஓர் இடம் பிடித்து, சாவிக்கு நகல் அடித்துக் கொடுக்கிறவன். தனியாக வீடு எடுத்துப் போன பிறகும் காலையிலும் மாலையிலும் அக்கா வீட்டு அடுப்படியில்தான் நிற்பான். அக்காவைப் பார்க்க வருகிறேன் என்று சொல்வான். அக்கா ஊரில் இல்லாதபோதும் வருவான். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் அங்கே கொடுக்கிற டீயை நான்கு பேரும் மருந்து மாதிரி வாயில் ஊற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். வெளியே வந்ததும் மனைவிதான் முதலில் வாயைத் திறப்பாள். "நல்ல மனுஷங்க. டீ போடறதை மட்டும் யாராச்சும் நிறுத்திவிட்டாத் தேவலை."

அவளுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது.

அறுத்து எடுத்தார்கள். எடுத்ததோடு முடியவில்லை, விட்டு விட்டு மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. முதல் தடவை ஏற்றிவிட்டு வந்தபோது அவள் பாதியாக இருந்தாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். பழச்சாறு, பால், சூப் எதைக் கொடுத்தாலும் உதட்டில் பட்டதும் கீழே வைத்துவிடுவாள். டாக்டரம்மா ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். உடம்பில் தெம்பு இருந்தால்தான் அடுத்த தடவை மருந்து ஏற்ற முடியும். எடை இதற்கும் கீழே போனால் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. டிரம்காரர் கேட்கவும் இல்லை.

அவர் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். டிரம் சுற்றுகிற சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர், அவளுடைய மூச்சுச் சத்தத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்தால் வலிக்கிறதா என்பார். மூடினால் மயக்கமா என்பார்.

ஒருநாள் காலையில் அவள் கண்ணைத் திறந்து, அவர் வழக்கமான கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் முந்திக்கொண்டாள். நம்ம ரெண்டுங்கெட்டான் டீ இருந்தால் நாலு மடக்குக் குடிப்பேன் போல இருக்கிறது, கூட ரெண்டு பிஸ்கட்டும் இறங்கும் என்றாள்.

டப்பாவில் அடிமட்டத்துக்கு வந்திருந்ததை ஆஸ்பத்திரி அலைச்சலில் சாவிக்காரன் எப்போதோ காலி செய்திருந்தான். டிரம்காரர் துள்ளி எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டே லீவை முடித்துக்கொள்கிறேன் என்று கம்பெனிக்குப் போன் போட்டார். துணிப்பையை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். இத்தனை நாளில் அன்றுதான் அவர் முதுகு நிமிர்ந்து நடந்தார்.

போய்ப் பார்த்தால் அவர் லீவில் இருந்த இடைவெளியில் பழைய டிரம்மைப் பேர்த்து எடுத்து, பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். புதியது பளபளவென்று நின்றது. அதற்குள் இலையைப் போட்டு வழிக்கிற வேலையெல்லாம் இல்லை. சுவரில் ஒட்டின தூளைக் காற்றாலேயே ஊதி உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியாக ஒரு பையில் சேர்த்து, பையின் வாயையும் தானே மூடிவிடும். அந்தப் பை நேராக உரத்துக்குப் போகும்.

அந்த அலறலுக்குப் பிறகு, மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவர் ஷிப்ட் அதிகாரியிடம் தனியாகப் பேசினார். மனைவியின் உடம்பைச் சொன்னார். ஒரே ஒரு தடவை, ஒரு கை அளவு போதும், காற்றை நிறுத்திவிட்டுப் பழையபடி இலையைப் போட்டு வழித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

ஷிப்ட் அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. காற்றை நிறுத்துகிற பொத்தானே வெளியே கிடையாது, பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது, சாவி மெஷின் கொண்டுவந்த கம்பெனியிடம் இருக்கிறது என்றார். "பேருக்குத்தான்ணே நான் அதிகாரி. அது பச்சை விளக்குப் போட்டா நான் சரிங்கறேன், சிவப்புப் போட்டா ஓடிவர்றேன். என் கையில ஒண்ணும் இல்ல." சொன்னதோடு விடவில்லை. கம்பெனியிலேயே உசத்தியான டீ பாக்கெட் ஒன்றைத் தன் அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் திணித்தார்.

அதோடு வீட்டுக்கு வந்தவர், டிரம் ரிப்பேர், இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னார். அடுப்படியில் மகளிடமும் சாவிக்காரனிடமும் உண்மையைச் சொன்னார்.

"சாவின்னா அச்சு எடுத்து அடிச்சுக் குடுத்துடுவேன் மாமா. டீக்கு எங்க போய் அச்சு எடுக்கறது?" என்றான் சாவிக்காரன்.

மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தூளும் இலையும் கடையில் தனித்தனியாகக் கிடைக்கிறது, நாமே கலந்து பார்த்தால் என்ன என்றாள். கண்ணாடிக் கடைக்கு வருகிறவர் மூக்கில் ஒரு சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக் கேட்டுப் பழக்கமானவள். அதே மாதிரி வரிசையாகக் கப்புகளை வைத்து, தூளைக் கூட்டி, இலையைக் குறைத்து, இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா என்று சாவிக்கார மாமாவை உட்காரவைத்துக் கேட்டாள். சாவிக்காரனுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் டீக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இனிமேல் எந்த வில்லையைப் போட்டாலும் எனக்குக் கண் தெரியாது, விட்டுவிடு தாயே என்று கும்பிட்டான்.

அவற்றில் தேறினதை மனைவியிடம் கொண்டுபோனார் டிரம்காரர். டிரம் சரியாகிவிட்டது, இந்தா என்று நீட்டினார். அவள் இரண்டு கையாலும் கப்பை வாங்கி, ஒரு மடக்குக் குடித்து, கண்ணை மூடி யோசித்தாள்.

"கிட்ட வருது. ஆனா இது இல்லைங்க."

இருந்தாலும் இன்னொரு மடக்குக் குடித்தாள். பாதி பிஸ்கட்டைக் கடித்தாள். அந்தப் பாதி பிஸ்கட்டுக்காக அவர் மறுநாளும் கலந்தார். அதற்கு அடுத்த நாளும் கலந்தார். அவளும் சளைக்கவில்லை. ஒருநாள் கசப்பு குறைச்சல் என்பாள், ஒருநாள் வாசனை தூக்கல் என்பாள், ஒருநாள் எல்லாம் சரி, கடைசியில் தொண்டையில் வந்து உட்காரவில்லை என்பாள். அவர் அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வேலைக்குப் போவார். வேலையிலும் அதே யோசனைதான்.

கம்பெனியில் டீயை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவரை எல்லோரும் நாக்கு சார் என்பார்கள். அவரிடம் போய் நின்றார். அந்தக் கழிவுத் தூளின் ருசியை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார். நாக்கு சார் நல்ல மனிதர். வெகுநேரம் யோசித்துவிட்டு, விற்கிற டீயைத்தான் நான் குடித்திருக்கிறேன், விற்காத டீயை ஒருநாளும் வாயில் வைத்ததில்லையே அப்பா, தெரியாத ருசியை எப்படிச் சொல்வேன் என்றார். ஒன்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. டிரம்மின் சுவரில் ஒட்டுகிற பொடி அத்தனை நைசாக எந்தப் பாக்கெட்டிலும் இருக்காது. அது பறந்து போய் ஒட்டிக்கொள்வதால்தான் பாக்கெட்டுக்கு வருவதில்லை. ஆகவே கடையில் வாங்கிக் கலந்து அந்த ருசி வரவே வராது. இதைச் சொன்னதற்கு அவர் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

இதைக் கேள்விப்பட்ட ஒட்டகம் ஓடிவந்தார். முதல் நாள் சிரித்தவர்தான். எங்கள் வீட்டில் ஒரு டப்பா கிடக்கிறது அண்ணே, நாங்கள் அதைக் குடிப்பதே இல்லை, வாங்க என்று வேலை விட்டதும் கையோடு கூட்டிப் போனார். ஒட்டகத்தின் மனைவி பரணில் ஏறி டப்பாவை இறக்கினாள். திறந்தால் உள்ளே சட்டைப் பொத்தான்கள். தூள் எங்கே என்று கேட்டால், வெளுத்துப் போன திரைச்சீலைக்குச் சாயம் ஏற்றக் கொதிக்க வைத்துவிட்டேன் என்றாள். ஜன்னலில் அந்தத் திரைச்சீலை நல்ல டீ நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒட்டகத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரைச்சீலையின் நுனியைப் பிடித்து நீட்டி, வாசனையாவது இருக்கிறதா பாருங்க அண்ணே என்றார். டிரம்காரர் வாங்கி முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து, ஒட்டகத்தின் மனைவி சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குள் டாக்டரம்மாவைப் பார்க்கிற நாள் வந்தது. எடை இறங்கியிருந்தது. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் அவரைப் பார்த்தார். ஒரு வாரம் தருகிறேன், இதற்கு மேல் இறங்கக் கூடாது, எதுவானாலும் சரி, அவர்கள் ஆசைப்படுவது எதுவோ அதைக் கொடுங்கள் என்றார். திரும்பி வருகிற வழியில் ஆட்டோவில் அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, டீ மட்டும் சரியாக அமைந்துவிட்டால் மளமளவென்று தேறிவிடுவேன் பாருங்க, நாளைக்கு வேலைக்குப் போவீங்கதானே என்று கேட்டாள்.

மறுநாள் காலைத் தூள் முடியப் போகிற நேரத்தில் டிரம்காரர் புது டிரம்மின் பின்பக்கம் போனார். கையில் மெஷின் துடைக்கிற கந்தல் துணி. காற்று உறிஞ்சுகிற குழாயின் இணைப்பைக் கழற்றி, துணியைச் சுருட்டி உள்ளே திணித்து, இணைப்பை மறுபடி மாட்டினார். அவர் போட்ட கணக்கு சுலபமானது. காற்று போகாது. தூள் சுவரிலேயே இருக்கும். முதலில் இறங்குகிற இலை அதை வழித்துக்கொண்டு வரும். ஒரு பை பிடித்துக்கொண்டு, உடனே ஓடிப்போய்த் துணியை உருவிவிடலாம்.

காற்று விசிறி உறுமியது. முக்கியது. குறிப்பிட்ட நேரம் ஓடியதும் சுத்தம் ஆகிவிட்டது என்று மெஷின் நம்பிப் பச்சை விளக்கைப் போட்டது. மேலே தொட்டியிலிருந்து முதல் பங்கு இலை உள்ளே விழுந்து சுற்றியதும் அவர் கீழ்வாயைத் திறந்தார். கத்தவில்லை. இலை இறங்கியது. கறுப்புப் பொடி பூசிக்கொண்டு, பழைய நாளில் வந்த மாதிரியே கையில் வந்து விழுந்தது. முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. முகத்தில் வந்து அடித்தது அந்த வாசனை.

பையை நிரப்பிக் கீழ்வாயை மூடினார். பழைய டிரம்மாக இருந்தால் அடுத்த பாரத்தை அவர் நெம்புகோலைத் தள்ளினால்தான் ஏற்றும். அதுவரைக்கும் சமத்தாகக் காத்திருக்கும். இது காத்திருக்கவில்லை. மூடின சத்தம் கேட்டதும் தொட்டியில் மிச்சம் இருந்த இலை அத்தனையையும் தானே உள்ளே இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. நிறுத்தத் தெரியாமல் அவர் பொத்தான்களைத் தேடினார். பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. அடைத்துக்கொண்ட விசிறி எரிந்துபோயிருந்தது. அப்புறம்தான் அலறல்.

ஷிப்ட் அதிகாரி ஓடிவந்தார். குழாயிலிருந்து கருகின துணியை உருவி வெளியே போட்டார். துணியைப் பார்த்தார். டிரம்காரர் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த பையைப் பார்த்தார். இந்தத் தடவை ஒட்டகமும் சிரிக்கவில்லை.

மாடியில் மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கலந்துபோன இலை முழுவதையும் கொட்டத்தான் வேண்டும், விசிறிக்கு ஆள் வருகிற வரைக்கும் வேலை நிற்கும், தெரியாமல் நடந்தது என்றால் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். தெரிந்தே செய்தேன் என்றார் டிரம்காரர். பொய் சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை, மனசு பூராவும் பையில் இருந்தது. மேனேஜர் கழுத்துப்பட்டையோடு அடையாள அட்டையைக் கழற்றித் தரச் சொன்னார். இனி வர வேண்டாம் என்பதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஷிப்ட் அதிகாரி கேட் வரைக்கும் கூடவே வந்தார். காவலாளி பையைக் கேட்டுக் கை நீட்டியபோது, விடுங்க, அவர் கூட நான் வர்றேன் என்றார். தெருவில் இறங்கியதும், வேறெங்காவது ஆள் கேட்டால் சொல்கிறேன் அண்ணே என்றார். அது நடக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். டிரம் சுற்றுகிற வேலைக்கு இனிமேல் எங்கேயும் ஆள் தேவைப்படாது.

வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு வேளை. மகளுக்கு அன்றைக்கு விடுமுறை, பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மனைவி கண் மூடிப் படுத்திருந்தாள். டிரம்காரர் சத்தம் போடாமல் அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் வைத்தார். தூளைப் போட்டார். பாலை ஊற்றினார். கொதி வந்து ஒரு தடவை பொங்கி அடங்கியது.

ஈரத் துணியைத் தோளில் போட்டபடி மகள் உள்ளே ஓடிவந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, இது நம்ம டீ" என்றாள். கையெல்லாம் பித்தளைத் துருவலோடு சாப்பிட வந்த சாவிக்காரன் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டான். ஆளுக்குக் கால் கப் ஊற்றிக் குடித்துப் பார்த்தார்கள். அதேதான். முதல் மடக்கில் மணந்தது. விழுங்கின பிறகு தொண்டையில் வந்து உட்கார்ந்தது. எப்படி மாமா கிடைத்தது என்று கேட்டான் சாவிக்காரன். கிடைத்தது, அவ்வளவுதான் என்றார் அவர்.

மூன்று பேருமாகக் கட்டிலுக்குப் போனார்கள். மகள் அம்மாவைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தாள். அவர் கப்பை நீட்டினார். அவள் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். குடித்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"கிட்ட வந்துடுச்சு. ஆனா இதுவும் இல்லைங்க. நாளைக்குப் பாருங்க."

சாவிக்காரன் வாயைத் திறந்தான். அக்கா, நன்றாகக் குடித்துப் பார், நம்ம டீயேதான், சத்தியமாக அதேதான் என்றான். அவள் இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு, சிரித்தபடி தலையை ஆட்டினாள். உனக்கு வெந்நீரும் ஒன்று, டீயும் ஒன்று என்றாள். அவன் மறுபடி ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போது மகள் அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அம்மாவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். பிறகு மாமாவை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே குழாயைத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் ஒன்றும் கழுவுகிற மாதிரி இல்லை.

டிரம்காரர் மட்டும் நின்றார். கட்டிலோரம் உட்கார்ந்தார்.

அவள் கப்பைக் கீழே வைக்கவில்லை. இன்றைக்கு என்ன சீக்கிரமாக வந்துவிட்டீர்கள், மறுபடி லீவா என்று கேட்டாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"லீவு இல்ல. வேலை போயிடுச்சு" என்றார். சொன்ன பிறகு அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "விடு, அதுவும் நல்லதுக்குத்தான். இனிமே எங்கயும் போக மாட்டேன். உன் பக்கத்துலயே இருப்பேன்" என்றார்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. எதனால், எப்படி வேலை போனது என்று அவள் கேட்கவில்லை. கப்பில் மிச்சம் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்தது. அவர் கப்பை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"மருந்து ஏத்தின அன்னியிலேருந்து எனக்கு நாக்குல எதுவுமே தெரியறதில்லைங்க. நீங்க பக்கத்துலயே உக்காந்து என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அதைத் தாங்க முடியாமத்தான் டீ வேணும்னு கேட்டேன்."